கூப்பாடு போட யாருக்கு உரிமை?

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று நடந்து வந்தது. காட்டில் என்ன பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. தலைமையாசிரியை இருந்தார், பெற்றோர் குழு இருந்தது, இரண்டு பேருக்கும் நடுவே ஓயாத சண்டை இருந்தது. அப்புறம் அது பள்ளிக்கூடம் இல்லாமல் வேறென்ன?

ஆற்றங்கரையில் புங்க மரங்கள் சூழ்ந்த ஒரு புல்வெளிதான் பள்ளி. சுற்றிலும் முள்வேலி. நடுவில் ஒரு பாறை. அந்தப் பாறைமேல் நாள் முழுவதும் நின்றுகொண்டு நாலா பக்கமும் பார்ப்பவர் ஆட்காட்டிக் குருவி. அவர்தான் தலைமையாசிரியை.

எந்தக் காயைத் தின்னலாம், எந்த மடுவில் இறங்கக் கூடாது என்றெல்லாம் அவர் குட்டிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் உயிரான பாடம் ஒன்றுதான். ஆட்காட்டி கூப்பாடு போட்டால், பத்து எண்ணுவதற்குள் ஒவ்வொரு குட்டியும் தன் பதுங்கிடத்தில் இருக்க வேண்டும். முயல் குட்டி வளைக்குள். மயில் குஞ்சு கிளைமேல். பன்றிக் குட்டி புதருக்குள். சருகுமான் குட்டி, விழுந்து கிடந்த மரத்தின் பொந்துக்குள்.

கூப்பாடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தின்றுகொண்டிருக்கும்போது வரும். விளையாட்டு சூடு பிடிக்கும்போது வரும். பத்துக்கு ஒன்பது முறை வெறும் பயிற்சிதான். ஆனால் எது பயிற்சி, எது நிஜம் என்று குட்டிகளுக்குத் தெரியாது. அதனால்தான் அந்தப் பள்ளியில் படித்த குட்டிகள் உயிரோடு வளர்ந்தன.

அங்கே தன் குட்டியைச் சேர்த்திருந்தாள் ஒரு சருகுமான். மான் இனத்திலேயே இவ்வளவு சிறியது வேறில்லை. முயலைவிடக் கொஞ்சம் பெரியவள், அவ்வளவுதான். யாராவது அதட்டினால் நின்ற இடத்திலேயே உறைந்து போவாள். யார் எதைச் சொன்னாலும் சரி என்பாள். அவள் ஈன்ற முதல் இரண்டு குட்டிகளையும் மலைப்பாம்பு விழுங்கிவிட்டது. மூன்றாவதுதான் பொட்டு. முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். அந்த ஒரு குட்டிக்காகத்தான் அவள் இரை மென்றாள், தண்ணீர் குடித்தாள்.

பள்ளியில் எல்லோரும் அவளைப் பொட்டு அம்மா என்றே கூப்பிட்டார்கள்.

தினமும் காலையில் வந்து வேலியோரம் விழுந்து கிடக்கும் சருகுகளை மூக்கால் தள்ளி ஒதுக்குவாள். பன்றி முள் வெட்டிக்கொண்டு வந்து போடும். முயல் புல் கொண்டு வரும். எல்லாம் வேலிக்கு வெளியேதான். உள்ளே ஒரு குளம்பை எடுத்து வைக்கவும் தலைமையாசிரியை விடமாட்டார்.

ஒருநாள் முள் கொண்டு வந்த காட்டுப்பன்றி சொன்னது: "டீச்சரம்மா, தெக்குப் பக்கம் வேலியில ஒரு ஓட்டை இருக்கு. நரி நுழையுற அளவுக்கு இருக்கு."

"வேலியை எப்படிப் பாத்துக்கணும்னு எனக்குத் தெரியும்," என்றார் ஆட்காட்டி. "நீங்க முள்ளைக் கொண்டுவந்து போட்டாப் போதும்."

"இல்ல, கண்ணுல பட்டுச்சு, அதான் சொன்னேன்."

"எனக்குப் பாடம் எடுக்க வராதீங்க."

மூன்றாம் நாள் அந்த ஓட்டை வழியாக நரி நுழைந்தது. ஆட்காட்டி கூப்பாடு போட்டதால் உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் ஒரு முயல் குட்டியின் பாதிக் காது போய்விட்டது. அன்று மாலையே ஆட்காட்டி ஆள் வைத்து ஓட்டையை அடைத்தார். தப்பு என்மேல்தான் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பெற்றோர் கொதித்துப் போனார்கள். அவர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. கூட்டம் போட்டுக் குழு அமைத்தார்கள். பன்றி செயலாளர் ஆயிற்று. தலைவர் யார்? நீண்ட தோகையோடு கூட்டத்துக்குள் நடந்து வந்தார் மயில். அவர் வந்த நடையைப் பார்த்ததுமே எல்லோரும் அவரைத் தலைவராக்கிவிட்டார்கள். காது போன முயல் குட்டியின் தாயை ஒருவரும் கேட்கவில்லை.

"இந்தப் பள்ளிக்கூடம் யாரோடது?" என்று கேட்டார் மயில்.

"நம்மோடது!" என்று எல்லோரும் கத்தினார்கள். சருகுமானும் மெல்லச் சொன்னாள். அப்படிச் சொல்வது அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாளே குழு வேலிக்குள் வந்தது. முதலில் வேலியைச் சுற்றிப் பார்த்தது, அது நல்லதுதான். அப்புறம் எந்தக் குட்டி எந்த நிழலில் உட்கார வேண்டும் என்று சொன்னது. அப்புறம் மதியத்துக்கு என்ன புல் என்று சொன்னது. அப்புறம் தலைமையாசிரியையின் பாறைக்கு எதிரே இன்னொரு பாறையைப் பன்றி உருட்டிக்கொண்டு வந்து போட, அதன்மேல் மயில் ஏறி உட்கார்ந்தார். கடைசியில் கூப்பாட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"நேத்து நீங்க திடீர்னு கத்தினதுல எங்க குஞ்சு பயந்துபோயி நாள் முழுக்கச் சாப்பிடல," என்றார் மயில். "இனிமே பயிற்சின்னா முன்னாடியே சொல்லிட்டுக் கத்துங்க."

"சொல்லிட்டுக் கத்தினா அது கூப்பாடா, கச்சேரியா?"

"பிள்ளைங்க மனசு நோகக் கூடாது."

"மனசு நோகாம இருக்கணும்னா முதல்ல உசிரு இருக்கணும்!"

இப்படியே பதினைந்து நாள் ஓடியது. இரண்டு பாறைகளிலிருந்தும் பேச்சு பறந்தது. நடுவில் புல்லில் உட்கார்ந்திருந்த குட்டிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. சருகுமானிடம் ஆட்காட்டி வந்து முறையிட்டால், "ஆமாங்க டீச்சரம்மா," என்பாள். மயில் வந்து முறையிட்டால், "ஆமாங்க தலைவரே," என்பாள். அவளுக்கு வேண்டியது சண்டை ஓய்ந்து பாடம் நடப்பது ஒன்றுதான்.

சண்டை ஓய்ந்தது. சமரசம் வந்தது. சண்டையே மேல் என்று தோன்றும்படியான சமரசம்.

பன்றி அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டியது. கூப்பாடு போடும் வாய் தலைமையாசிரியையுடையது. போடலாம் என்னும் சம்மதம் குழுத் தலைவருடையது. ஆபத்து என்று தெரிந்தால் ஆட்காட்டி பாறைமேல் நின்று இரண்டு சிறகையும் தூக்க வேண்டும். அதைப் பார்த்து மயில் எதிர்ப் பாறையில் தோகை விரிக்க வேண்டும். தோகை விரிந்த பிறகே கூப்பாடு. வேறு யாரும் எக்காரணம் கொண்டும் கத்தக் கூடாது, கத்தினால் குட்டிகள் குழம்பிவிடும்.

"ரெண்டு பேருக்கும் சரிபாதி," என்றது பன்றி, பெருமையாக.

சருகுமான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஏங்க, ரெண்டு பேருல ஒருத்தரு அந்த நேரத்துல இல்லேன்னா?"

"பொட்டு அம்மா," என்றார் மயில், "ஒரு நல்ல காரியம் நடக்கும்போது அபசகுனமா எதையாவது கேக்காதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். பிறகு ஆற்றங்கரைச் சேற்றில் ஒவ்வொருவராக வந்து கால்தடம் பதித்து ஒப்புக்கொண்டார்கள். வரிசையில் கடைசியாகச் சருகுமானும் தன் சின்னக் குளம்பைப் பதித்தாள்.

கோடை முழுவதும் பயிற்சிகள் ஜோராக நடந்தன. ஆட்காட்டி சிறகைத் தூக்குவார். மயில் நிதானமாக எழுந்து, கழுத்தைச் சிலுப்பி, ஒரு சுற்றுச் சுற்றித் தோகையை விரிப்பார். குட்டிகள் எல்லாம் ஓடி வந்து முன்னால் நின்று வேடிக்கை பார்க்கும். பிறகு கூப்பாடு வரும். பிறகு, ஆற அமர, பதுங்கப் போகும். முன்பெல்லாம் ஐந்து எண்ணுவதற்குள் பொந்தில் இருக்கும் பொட்டு, இப்போது கூப்பாடு கேட்டாலும் முதலில் தோகை எங்கே என்று தேடியது. சருகுமான் அதைப் பார்த்தாள். யாரிடம் சொல்வது? அவரிடம் சொன்னால் இவருக்குக் கோபம் வரும், இவரிடம் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். பேசாமல் சருகைத் தள்ளினாள்.

ஒருமுறை மட்டும் ஆட்காட்டி சம்மதத்துக்குக் காத்திராமல் கத்திவிட்டார். வானத்தில் பருந்து என்று நினைத்தார், வெறும் காக்கை. மறுநாள் கூட்டத்தின் நடுவே அவரை நிற்கவைத்து மயில் கேள்விமேல் கேள்வி கேட்டார். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று சொல்ல வைத்தார். எத்தனையோ குட்டிகளைக் காப்பாற்றிய ஆட்காட்டி தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னார். பெற்றோர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சருகுமானும் திறக்கவில்லை.

ஆவணி பிறந்தது. ஆவணியில் மயிலுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா, குழந்தைகளே? தோகை இறகெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். வருஷா வருஷம் நடப்பதுதான். காடு முழுக்கத் தெரிந்ததுதான். ஆனால் தோகை விரித்தால்தான் சம்மதம் என்று விதி எழுதிய நாளில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. மயிலுக்கு நினைவிருந்திருக்கும், வெளியே சொல்ல வெட்கம்.

மொட்டை வாலோடு அவர் ஆற்றோரத்துப் புதருக்குள் ஒளிந்துகொண்டார். "தலைவருக்கு உடம்புக்கு முடியல," என்று பன்றியை விட்டுச் சொல்ல வைத்தார். எதிர்ப் பாறை காலியாகக் கிடந்தது. ஆட்காட்டிக்கு உண்மை தெரியும். தெரிந்தும் அவர் பேசவில்லை. மாட்டிக்கொள்ளட்டும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

ஒரு மத்தியானம். வேலிக்கு உள்ளே நாவல் மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது பொட்டு. வேலிக்கு வெளியே சருகு தள்ளிக்கொண்டிருந்த தாய், எதிரே காய்ந்த கோரைப்புல் அசைவதைப் பார்த்தாள். காற்றே இல்லை. புல் மறுபடியும் அசைந்தது. புல்லுக்குள் இரண்டு கண்கள்.

சிறுத்தை.

நாவல் மரத்துக்கும் அதற்கும் நடுவே முப்பது அடிகூட இல்லை. சருகுமானின் வாய் தானாகத் திறந்தது. தொண்டை வரை சத்தம் வந்துவிட்டது. வேறு யாரும் எக்காரணம் கொண்டும் கத்தக் கூடாது. கால்தடம் பதித்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு வேலிக்குள் புகுந்து பாறையை நோக்கி ஓடினாள்.

"டீச்சரம்மா! சிறுத்தை! நாவ மரத்துக்கு அந்தப் பக்கம்!"

ஆட்காட்டி திரும்பிப் பார்த்தார். இரண்டு சிறகையும் தூக்கினார். எதிர்ப் பாறையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"கத்துங்க டீச்சரம்மா! பொட்டு அங்கதான் இருக்கு!"

"தோகை விரியலையே."

"ஐயோ, இப்போ போயி தோகையைப் பாக்கலாமா?"

"கேக்காம கத்தினேன்னு என்னைக் கூட்டத்துல நிக்க வெச்சாங்களே, அன்னைக்கு நீயும்தானே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தே?" என்றார் ஆட்காட்டி. "நான் சிறகைத் தூக்கிட்டேன். என் பங்கு முடிஞ்சுது. அவரு ஆத்தோரப் புதருலதான் இருக்காரு, போயி விரிக்கச் சொல்லு."

சருகுமான் ஆற்றங்கரைப் புதருக்கு ஓடினாள். மூச்சு வாங்கியது.

"தலைவரே! சிறுத்தை வந்திருக்கு! டீச்சரம்மா சிறகைத் தூக்கிட்டாங்க! சீக்கிரம் வாங்க!"

"உள்ளே வராதே!" என்று புதருக்குள்ளிருந்து குரல் வந்தது. "அங்கேயே நின்னு சொல்லு. டீச்சர் ஏன் நேர்ல வந்து கேக்கல?"

"கேக்கறதுக்கு நேரம் இல்லைங்க. தோகையை விரிச்சுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"விரிக்கறதுக்கு இருந்தா விரிக்க மாட்டேனா?" என்றார் மயில், மிகவும் தாழ்ந்த குரலில்.

"அப்போ வாயால சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் ஓடிப்போயிச் சொல்லிடறேன்."

"வாயால சொன்னா செல்லாதே. அந்தம்மா அதையே பிடிச்சுக்கும்." பிறகு சட்டென்று கேட்டார்: "எங்க குஞ்சு எங்க இருக்கு?"

"மரத்து மேல தூங்குது."

"அப்படியா." குரலில் பதற்றம் போய்விட்டது. "எதுக்கும் செயலாளரைப் போயிப் பாருங்க, பொட்டு அம்மா."

அவள் செயலாளரைப் பார்க்கப் போகவில்லை. திரும்பி ஓடினாள். பாதி வழியில் கூப்பாடு கேட்டது. ஆட்காட்டி தாங்கமாட்டாமல் கத்திவிட்டார். தோகை விரியாமலே கத்திவிட்டார். ஆனால் சிறுத்தை வேலியைத் தாண்டிய பிறகு கத்தினார். குட்டிகள் பழகிய பழக்கத்தில் எதிர்ப் பாறையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றன. பொட்டும் வாயில் நாவல் பழத்தோடு அப்படித்தான் நின்றது.

சருகுமான் வந்து சேர்ந்தபோது மரத்தடியில் புல் நசுங்கிக் கிடந்தது. மற்ற எல்லாக் குட்டிகளும் இருந்தன. பொட்டு இல்லை.

மறுநாள் கூட்டம் கூடியது. ஆட்காட்டி சொன்னார்: "நான் சிறகைத் தூக்கினேன். இந்தம்மாவே சாட்சி." தலைவர் சார்பில் பன்றி சொன்னது: "தலைவருகிட்ட முறைப்படி யாரும் வந்து கேக்கல." ஒரு மணி நேரம் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் சருகுமான் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்களே சொல்லுங்க பொட்டு அம்மா. தப்பு யாரு மேல?"

"என் மேலதான்," என்றாள் அவள்.



"முதல்ல பாத்தவ நான். எனக்கும் தொண்டை இருந்துச்சு. நான் பெத்த குட்டிக்குக் கத்தறதுக்கு, ஒவ்வொருத்தர் வாசலா போயிச் சம்மதம் கேட்டுக்கிட்டிருந்தேன்." அவளுக்கு அழுகைகூட வரவில்லை. "நாசமாப் போன உங்க விதியைவிட, அதுக்கு அடங்கிப் போன என்னைத்தான் எனக்குப் பிடிக்கல."

எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது. தாயே பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்று பன்றி குறித்துக்கொண்டது. கூட்டம் சுமுகமாக முடிந்தது.

நான்காம் நாள் சிறுத்தை மறுபடியும் வந்தது. ருசி கண்டது வராமல் இருக்குமா? சருகுமான் அதே இடத்தில்தான் இருந்தாள். அன்று தள்ளுவதற்குச் சருகுகூட இல்லை, ஆனாலும் இருந்தாள். கோரைப்புல் அசைந்ததும் வேலிக்குள் பாய்ந்து, பொட்டு பதுங்கும் அந்தப் பொந்து மரத்தின் மேல் ஏறி நின்று, குளம்பால் தடதடவென்று உதைத்துக்கொண்டு கத்தினாள். சருகுமானின் குரல் சன்னமானது. அன்று அது காடு முழுக்கக் கேட்டது.

"சிறுத்தை! பாக்காதீங்க! எதையும் பாக்காதீங்க! ஓடுங்க!"

முயல் குட்டி வளைக்குள் போயிற்று. பன்றிக் குட்டி புதருக்குள் போயிற்று. தரையில் மேய்ந்துகொண்டிருந்த மயில் குஞ்சு கிளைக்குப் பறந்தது. சிறுத்தை வேலியைத் தாண்டி வந்து, காலிப் புல்வெளியை முகர்ந்து பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு திரும்பிப் போயிற்று.

அன்று மாலையே அவசரக் கூட்டம். புதிய இறகு லேசாக முளைத்திருந்ததால் மயிலும் வந்திருந்தார்.

"சம்மதம் இல்லாம இவங்க கத்தினதை விட்டுட்டா, நாளைக்குக் கண்டவங்களும் கத்துவாங்க," என்றார் ஆட்காட்டி.

"டீச்சர் சொல்றதுதான் சரி," என்றார் மயில்.

"தலைவர் தலையிட்டு இதுக்கு ஒரு முடிவு கட்டணும்."

"டீச்சர் எப்படிச் சொல்றாங்களோ அப்படியே செஞ்சுடலாம்."

பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இரண்டு தரப்பும் ஒத்துப்போனது அன்றுதான். எல்லோருக்கும் மனம் குளிர்ந்தது. தீர்மானத்தை எடுத்துக்கொண்டு பன்றி வேலிக்கு வந்தது. வெளியே நின்றிருந்த சருகுமானுக்கு வாசித்துக் காட்டியது:

"பள்ளி எல்லைக்குள்ளும் வேலியோரத்திலும் ஆசிரியரும் பெற்றோரும் மட்டுமே வரலாம். சருகுமானுக்கு இப்பள்ளியில் படிக்கும் குட்டி எதுவும் இல்லை. ஆகையால் அவர் பெற்றோர் அல்லர்."

வாசித்து முடிக்கும் வரை பன்றி தலையை நிமிர்த்தவே இல்லை.

நீதி: பிள்ளைகளை மறந்துவிட்டு அதிகாரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்பவர்கள், ஆபத்து வரும்போது பொறுப்பில் ஒரு துளியைக்கூடப் பிரித்துக்கொள்ள மாட்டார்கள்.